சாயக்காரர் மனைவியின் உடையும் ஒரு விரல் மஞ்சளும்

1

போன செவ்வாய்க்கிழமை வாசலில் ஒரு பெரிய பார்சல் கிடந்தது. உள்ளே முழங்கால் வரை நீளும் ஒரு குளிர்கோட்டு. நாங்கள் இருக்கும் பிளானோவில் அன்று ஏசி இல்லாமல் பத்து நிமிடம் உட்கார முடியாத வெயில். கோட்டை ஆர்டர் செய்தவள் என் மகள் தாரிணி. "டோன்ட் டேக் தி டேக்ஸ் ஆஃப், அம்மா" என்று கல்லூரியிலிருந்து மெசேஜ் அனுப்பியிருந்தாள். விலைச்சீட்டைப் பிரிக்காமல் வைத்திருந்தால் முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். கோட்டு தேவைப்படுமா என்று அவளுக்கே இன்னும் தெரியவில்லை.

இந்த மாதத்தோடு நாங்கள் டெக்ஸஸுக்கு வந்து இருபத்தொரு வருடம் ஆகிறது. இதைப் பற்றி எழுதச் சொல்லி ஊரிலிருந்து தோழி கேட்டிருந்தாள். வேலை, வீடு, வரிசை, கிரீன் கார்டு என்று வழக்கமான கட்டுரை ஒன்றை மனதில் வைத்திருந்தேன். கோட்டு வந்த பிறகு அதை எழுத முடியவில்லை. எனவே கோட்டுக்கு முந்தைய எட்டு மாதங்களை எழுதுகிறேன். நான் சென்னையில் ஒரு நாளிதழில் ஆறு வருடம் உதவி ஆசிரியராக இருந்தவள். நடந்ததை நடந்த வரிசையில் சொல்ல எனக்குத் தெரியும். அதற்கு என்ன அர்த்தம் என்பதில்தான் குழப்பம்.

2

போன ஆகஸ்டில் தாரிணி எங்கள் வீட்டுப் பொங்கல் குண்டானைக் கேட்டாள். எதற்கு என்று கேட்டேன். கம்பளித் துணிக்குச் சாயம் ஏற்ற.

அவள் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருடம். மதிப்பெண்ணில் குறையில்லை. ஆனால் முதல் வருடத்திலேயே, பழைய கால ஐரோப்பிய உடைகளை ஆராய்ந்து அதே முறையில் தைத்துப் பார்க்கும் ஒரு குழுவில் சேர்ந்திருந்தாள். மாதம் ஒரு முறை ஒரு சர்ச்சின் பின்னறையில் கூடுவார்கள். பல் டாக்டர் ஒருவர், லாரி ஓட்டுபவர் ஒருவர், இரண்டு பள்ளிக்கூட ஆசிரியைகள், இவள். எல்லோரும் கையில் ஊசியோடு அறுநூறு வருடத்துக்கு முந்தைய சட்டைக்கையைப் பற்றி விவாதிப்பார்கள். ஒரு நாள் அழைத்துவரப் போனபோது கதவோரம் நின்று கேட்டேன். கை எங்கே முடிகிறது என்பதில் சண்டை. மணிக்கட்டிலா, விரல் கணுவிலா. எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் முதல் பக்கத் தலைப்புக்குக்கூட அவ்வளவு நேரம் சண்டை போட்டதில்லை.

தாரிணி செய்ய நினைத்தது பதினான்காம் நூற்றாண்டின் கடைசியில் வாழ்ந்திருக்கக்கூடிய ஒரு சாயக்காரர் மனைவியின் உடை. அரசியின் உடை இல்லை. உள்ளே லினன் துணியில் வெள்ளை அங்கி. அதன் மேல் செங்கல் நிறக் கம்பளி கவுன், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை துணியில் சுருட்டிய சின்னச் சின்னப் பொத்தான்கள். தையல் மெஷின் கூடாது. லினன் நூலைத் தேன்மெழுகில் இழுத்து, கையாலேயே ஒவ்வொரு தையலும்.

செங்கல் நிறம் வருவது ஒரு வேரிலிருந்து. நம்மூர் மஞ்சிட்டிக்கு அது ஒன்றுவிட்ட உறவு. சாயம் துணியில் நிற்கப் படிகாரம் வேண்டும். நான்தான் இந்தியன் ஸ்டோரில் போய் வாங்கினேன். திருஷ்டிக்காக வாசலில் கட்டுகிற கட்டி, ஐந்து பாக்கெட்.

"என்ன மேடம், கிரகப்பிரவேசமா?" என்றார் கல்லாவில் இருந்தவர்.

"இல்ல, சாயம் போட."

"முடிக்கா?"

நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். உண்மையைச் சொல்ல வாயில் வாக்கியம் அமையவில்லை.

குண்டானில் இரண்டு நாள் கம்பளி ஊறியது. அதில் நாங்கள் இனிமேல் சமைக்க முடியாது.

3

என் கணவர் செல்வம் இதைக் கோபமாக எதிர்க்கவில்லை. அவர் எதையும் கோபமாகச் செய்பவர் இல்லை. ஒரு மென்பொருளை வெளியிடும் முன் சோதித்துப் பார்ப்பதுதான் அவர் வேலை. அதே முறையில் கேட்டார்.

"இதுக்கு என்னம்மா ஸ்கோப்?"

தாரிணி ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னாள். வடக்கே, வருடத்தில் ஐந்து மாதம் பனி கிடக்கும் மாநிலம். அங்கே பழந்துணிகளை ஆராய்ந்து பாதுகாக்கும் படிப்பு இருக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸை விட்டுவிட்டு அதற்கு மாற வேண்டும் என்றாள். விண்ணப்பிப்பவர்கள் தாங்களே செய்த ஒரு பழங்கால உடையையும் அதற்கான ஆதாரக் குறிப்பையும் நேரில் காட்ட வேண்டும். டெக்ஸஸ்காரர்களை ஏப்ரல் தொடக்கத்தில் ஆஸ்டினில் ஒரு சனிக்கிழமை பார்க்கிறார்கள். மூன்று பேர் கொண்ட குழு.

செல்வம் ஒரு நாள் யோசித்தார். மறுநாள் இட்லி சாப்பிடும்போது சொன்னார்: "அவங்க எடுத்துக்கிட்டா போ. நான் தடுக்க மாட்டேன். எடுத்துக்கலேன்னா இந்த டிகிரியை முடிக்கணும். அப்புறம் இந்தப் பேச்சு வேண்டாம்."

"ஃபேர்" என்றாள் தாரிணி.

ஆனால் அவர் அன்று மதியமே அவளுடைய கல்லூரிக்கு போன் செய்தார். பாதியில் விட்டால் பிறகு திரும்ப வர முடியுமா என்று தெரிந்துகொள்ள. மறுமுனையில் இருந்த பெண், மாணவியின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் எதுவும் சொல்வதற்கில்லை என்றாள். தாரிணி பதினெட்டு வயதைத் தாண்டியவளாம். "நான் அவ அப்பா" என்றார் இவர். அதை உறுதிப்படுத்துவதற்கும் மாணவியின் அனுமதி தேவை என்றாள். இவர் நன்றி சொல்லிப் போனை வைத்தார்.

4

பிள்ளைகள் விலகிப் போவதைப் பற்றி எங்கள் வட்டாரத்தில் நிறையப் பேசுவார்கள். தமிழ் பேச மாட்டேன் என்கிறான், சாம்பார் வேண்டாம் என்கிறாள். அதற்கெல்லாம் எல்லோரிடமும் ஓர் ஆலோசனை இருக்கும். சாயக்காரர் மனைவிக்கு யாரிடமும் ஆலோசனை இல்லை. நவராத்திரிக் கொலுவுக்கு வந்த பத்மா, மாடிப்படியில் தொங்கிய கவுனைப் பார்த்துவிட்டு, "ஹாலோவீனுக்கா?" என்றாள். விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டவள் தாரிணியிடம் திரும்பினாள்.

"நம்ம ஊர்ல இல்லாத டிரெஸ்ஸா கண்ணா? சோழர் காலத்துல என்ன போட்டுருந்தாங்கன்னு ரிசர்ச் பண்ணலாமே. எங்க அம்மா கட்டுன மடிசாரே ஒரு பிஎச்டிக்கு வரும்."

தாரிணி சிரித்துக்கொண்டே, "தட்ஸ் எ குட் ஐடியா, ஆன்ட்டி" என்றாள். எல்லோரும் போன பிறகு நான் அதே கேள்வியைக் கேட்டேன். அவள் ஆங்கிலத்தில் சொன்ன பதிலை அன்றே குறித்து வைத்தேன். நம்முடைய உடை என்றால் எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கிறது. பொட்டு வைத்தாலும் கேட்கிறார்கள், வைக்காவிட்டாலும் கேட்கிறார்கள். இதைப் பற்றி இந்த வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. இதில் நான் நிம்மதியாகத் தப்பு செய்யலாம்.

இது எனக்கு வருத்தம் தர வேண்டிய பதில் என்று தோன்றியது. வருத்தம் வந்ததா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அவளுடைய ஆதாரக் குறிப்பைத் திருத்திக் கொடுக்கும் வேலை என்னுடையது. அதில்தான் முதல்முறையாக அவள் என்ன செய்கிறாள் என்பது விளங்கியது. சாதாரணப் பெண்களின் உடை எதுவும் முழுசாக மிஞ்சவில்லை. மண்ணில் கிடைத்த கந்தல்கள், உயில்களில் எழுதிய துணிப் பட்டியல்கள், ஓவியங்கள், இவைதான் சாட்சி. நான் வேலூரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தவள். சுவரெல்லாம் மாதா படம். அதனால் அந்தக் காலத்து உடை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். மாதாவையும் புனிதர்களையும் நம்பக்கூடாது என்றாள் தாரிணி. அவர்களுக்கு ஓவியன் மனதில் தோன்றியதை உடுத்திவிடுவான். படத்தின் ஓரத்தில், வாளியோடு நடந்து போகிறவளைப் பார். அவளை யாரும் அழகுபடுத்த நினைக்கவில்லை. அவள் போட்டிருப்பது நிஜம்.

பத்திரிகைப் புகைப்படத்தில் நாங்களும் அப்படித்தான் பார்ப்போம். மேடையில் இருப்பவரை விடுங்கள், பின்னால் நிற்கிற போலீஸ்காரர் எங்கே பார்க்கிறார்?

ஒவ்வொரு வரிக்கும் நான் ஓரத்தில் 'யார் சொன்னது?' என்று சிவப்பில் எழுதினேன். எங்கள் தலைமை உதவி ஆசிரியர் என் பிரதிகளில் எழுதியது அது. அவள் சளைக்காமல் ஆதாரம் சேர்த்தாள். சேர்க்க முடியாத இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினாள். இருபத்திரண்டு பக்கத்தில் பதினேழு 'தெரியவில்லை'. இத்தனை இருந்தால் நாங்கள் அந்தச் செய்தியையே போட மாட்டோம் என்றேன். இங்கே அதற்குத்தான் மதிப்பெண் என்றாள்.

5

அந்தச் சனிக்கிழமை விடிவதற்கு முன் பிளானோவிலிருந்து கிளம்பினோம். ஆஸ்டினுக்கு மூன்றரை மணி நேரம். செல்வம் எல்லோருக்கும் முன்பே எழுந்து காபி போட்டு, உடை வைத்த அட்டைப்பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டிருந்தார்.

ஒன்பதேகாலுக்குக் கார் நிறுத்துமிடத்தில் தாரிணி கடைசியாக ஒருமுறை சரிபார்க்கப் பெட்டியைத் திறந்தாள். வெள்ளை அங்கியை எடுத்தாள். அப்படியே நின்றாள்.

"அம்மா. வாட் இஸ் திஸ்?"

கழுத்தின் உள்பக்கம், பிடரியில் படுகிற இடத்தில், ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள்.

"அம்மா, டிட் யூ டூ திஸ்?"

"நான் வைக்கலடி."

"ஹூ எல்ஸ் வுட்?"

நியாயமான கேள்வி. புதுத்துணிக்கு மஞ்சள் வைக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் நின்று போய் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். பக்தி குறைந்ததால் இல்லை. இங்கே எல்லாம் பார்சலில் வருகிறது. அளவு சரியில்லை, நிறம் பிடிக்கவில்லை என்று பாதி திரும்பிப் போகிறது. மஞ்சள் வைத்த துணியை எந்தக் கடையும் திரும்ப எடுத்துக்கொள்ளாது. அதனால் முதலில் தீபாவளிக்கு மட்டும் என்று ஆனது, பிறகு அதற்கும் இல்லை என்று ஆனது. சனிக்கிழமைகளில் திருப்பிக் கொடுக்கும் வரிசையில் நிற்பது எங்கள் வாராந்திர வேலைகளில் ஒன்று.

தாரிணி ஈரத் துடைப்பானை எடுத்தாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். "சோப்பு பட்டா சிவப்பாயிடும். ரத்தக்கறை மாதிரி தெரியும்." வெயிலில் போட்டால் வெளுக்கும் என்று காரின் முன்பக்கத்தில் அங்கியை விரித்தோம். எங்கள் முறை பத்துக்கு. நாற்பது நிமிடத்தில் மஞ்சள் கொஞ்சமும் அசையவில்லை.

"தே சீ தி இன்சைட் ஃபர்ஸ்ட்" என்றாள். உள்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். அழவில்லை. பொத்தான்களை எண்ணினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். செல்வம் பார்க்கிங் மீட்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

6

பெற்றோர் பின்வரிசையில் உட்காரலாம் என்றார்கள். முன்னால் நீண்ட மேஜை. மூன்று பேர்: குடுமி போட்ட ஓர் ஆண், இளம்பெண் ஒருத்தி, கண்ணாடியைக் கழுத்துச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த வயதான பெண்மணி. அவர்தான் அங்கியை உள்வெளியாகத் திருப்பினார். தையல்களை விரலால் தடவிக்கொண்டே போன கை கழுத்தில் நின்றது. கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

இந்த மஞ்சள் என்ன என்று கேட்டார்.

தாரிணி சொன்னாள்: இது பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்ததில்லை. இன்று காலையைச் சேர்ந்தது. எங்கள் வீட்டில் புதுத்துணியை முதல்முறை உடுத்தும் முன் மஞ்சள் வைப்பார்கள்.

எதற்காக?

"தெரியவில்லை. என்னிடம் ஆதாரம் இல்லை. யார் வைத்தார்கள் என்றும் தெரியவில்லை. என் அம்மா, தான் வைக்கவில்லை என்கிறார்."

மூன்று பேரும் சிரித்தபடி பின்வரிசையைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன், எதற்கு ஆட்டினேன் என்று தெரியாமல்.

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. நான் பிறந்த வீட்டில் மஞ்சளை ஓரத்தில் வைப்போம், முந்தானை நுனியில், பாவாடை விளிம்பில். கழுத்துக்குப் பின்னால் உள்பக்கம் வைப்பது என் கணவரின் ஊரான குடியாத்தத்தில். என் மாமனாரின் வழக்கம். கல்யாணமான முதல் தீபாவளிக்கு என் கணவரின் சட்டைக் காலரைப் பார்த்து, இது என்ன இடம் என்று நானே கேட்டிருக்கிறேன்.

திரும்பிப் பார்த்தேன். செல்வம் கதவின் மேல் 'எக்ஸிட்' என்று எரிந்த சிவப்பு எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னால் நிற்கிறவர் எங்கே பார்க்கிறார் என்று கவனிக்கப் பயிற்சி பெற்றவள் நான். ஒரு காலை முழுவதும் கவனிக்கவில்லை.

7

திரும்பும் வழியில், டோல் கட்டும் நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு கேட்டேன்.

"ஏங்க, அது நீங்கதானே?"

"எது?"

"மஞ்சள்."

அவர் ஒரு லாரியைத் தாண்டினார்.

"புதுத்துணி. சும்மா எப்படி அனுப்பறது."

பின்சீட்டில் தாரிணி காதிலிருந்த இயர்போன் ஒன்றைக் கழற்றினாள். "அப்பா? பட் யூ ஹேட் திஸ் டிரெஸ்."

"ஹேட்லாம் இல்லம்மா. புரியல. ரெண்டும் வேற."

"புரியாததுக்குப் போய் மஞ்சள் வைப்பீங்களா?" என்றேன் நான்.

"புரிஞ்சாத்தான் வைக்கணும்னா, எங்க வீட்ல ஒரு துணிக்கும் வச்சிருக்க முடியாது கீதா."

"யூ குட் ஹேவ் ருயின்ட் இட்" என்றாள் தாரிணி.

"தெரியும். வச்சப்புறம்தான் தோணுச்சு. துடைச்சுப் பார்த்தேன், இன்னும் பரவுச்சு."

பின்சீட்டிலிருந்து ஒரு சத்தம். அழுகிறாள் என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் சிரிக்கிறாள். பாதி வழியில் வரும் வேகோ நகரைத் தாண்டும் வரை விட்டு விட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தாரா என்று பக்கவாட்டில் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

அந்த வாரம் முழுக்க நான் ஆதாரம் தேடினேன். சென்னையில் என் அக்கா, கிருமி அண்டாமல் இருக்க என்றாள். குடியாத்தத்தில் நாத்தனார், லட்சுமிக்காக என்றார். மாமனாரோடு வேலை பார்த்த ஒருவர், கடையில் ஆயிரம் கை பட்ட துணி, இது இன்னாருடையது என்று ஆக வேண்டுமில்லையா என்றார். மூன்று பேர், மூன்று காரணம். கழுத்துக்குப் பின்னால் ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அதைத் தாரிணியிடம் சொன்னபோது, "தட் மேக்ஸ் எய்ட்டீன்" என்றாள். பதினேழோடு ஒன்று.

8

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. காத்திருப்போர் பட்டியல். ஆகஸ்டு வரை எப்போது வேண்டுமானாலும் தகவல் வரலாம், வராமலும் போகலாம். கூடவே குழுவின் குறிப்புகள். பொத்தான் துளைகள் மிக நன்று. தோள் வெட்டு இன்னும் கவனம் வேண்டும். கடைசியில் யாரோ கையால் எழுதியிருந்தார்கள்: மஞ்சள் தடத்தை நீக்க வேண்டாம்.

செல்வம் போட்ட நிபந்தனையில் காத்திருப்போர் பட்டியலுக்கு இடம் இல்லை. எடுத்துக்கொண்டால் போகலாம், இல்லையென்றால் இருக்க வேண்டும். அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். மடித்து மேஜையில் வைத்தார். இப்போது என்ன என்று தாரிணி கேட்கவில்லை. பதினான்கு வருடம் கிரீன் கார்டுக்காக வரிசையில் நின்ற வீடு இது. வரிசையில் நிற்கும்போது கேள்வி கேட்கக்கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். அங்கியை மட்டும் அவள் மடித்து, வெயில் படாத என் அலமாரிக்குள் வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் கோட்டு.

சனிக்கிழமை தாரிணி வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தாள். கை நீளம் சரி. ஏசியை அதிகமாக்கி, கூடத்தில் இரண்டு முறை நடந்தாள். கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். நான் சமையலறையில் இருந்தேன். செல்வம் வந்து இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தார். பிறகு அஞ்சறைப்பெட்டியைத் திறந்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.

தாரிணி தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது விலைச்சீட்டு மேஜை மேல் கிடந்தது. கோட்டின் கழுத்துக்குள் மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது.

"அப்பா! ஐ'ம் ஒன்லி ஆன் தி வெயிட்லிஸ்ட். வாட் இஃப் தே சே நோ?"

அவர் விரலைக் குழாயில் கழுவினார். கறை போகவில்லை.

"இவங்க இல்லேன்னா குளிர்ற ஊர்ல இன்னொரு காலேஜ் இல்லாமலா போயிடும்?" என்றார்.

திருப்பிக் கொடுக்க இன்னும் இருபத்தாறு நாள் இருந்தது.